கொழும்புக்குப் போகும் பிள்ளைகள்: சம்பளத்துக்கு அப்பால் ஒரு கணக்கு

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வேலை சூடு பிடிப்பது இரவில்தான். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் கோவாவும், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும், அக்கம்பக்கத்துக் கிராமங்களின் பூசணியும் கத்தரியும் லொறி லொறியாக வந்து இறங்கும். நாட்டாமிமார் மூட்டையை முதுகில் ஏற்றி, வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டபடி லொறிகளின் இடுக்கில் நுழைந்து போவார்கள். 1999 இல் தொடங்கிய சந்தை இது. இங்கிருந்து கொழும்புக்குப் புறப்படும் லொறி விடியும்முன் பேலியகொடை மெனிங் சந்தையைப் பிடித்துவிட வேண்டும்.

அந்த லொறிகளைப் போலவே எங்கள் பிள்ளைகளும் போகிறார்கள். தம்புள்ளை, நாவுல, மாத்தளை என்று இந்தப் பக்கத்திலிருந்து கணினி படித்த பிள்ளைகளுக்கு வேலை என்றால் கொழும்புதான். தெமட்டகொடை ஓரியன் சிட்டி, மருதானையில் பழைய திரிப்போலி சந்தை இருந்த இடத்து ட்ரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி, கொள்ளுப்பிட்டி மாடிக் கட்டடங்கள், மாலபே. கிட்டத்தட்ட 150 கிலோமீற்றர். பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். தம்புள்ளைக்கு ரயில் இல்லை. கிட்டிய நிலையம் ஹபரணை.

பிள்ளைக்கு வேலை கிடைத்த செய்தி வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு? அது நியாயமான கேள்விதான். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறித்த அம்மாவுக்கு, மகளின் முதல் மாதச் சம்பளம் ஒரு பெரிய விடுதலை. ஆனால் அந்த ஒரு எண்ணோடு கணக்கை மூடிவிடுகிறோம். அந்த நகரத்தில் பிள்ளை எப்படி வாழப்போகிறது என்பதை யாரும் உட்கார்ந்து எடைபோடுவதில்லை.

எடைபோடுவதற்கென்றே உலகத்தில் நிறுவனங்கள் உண்டு. மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் 39 அம்சங்களை வைத்து, நியூயோர்க் நகரத்துக்கு 100 புள்ளி என்று எடுத்துக்கொண்டு, மற்ற நகரங்களை அதனோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தி வந்தது. பத்திரிகைகள் அந்தப் பட்டியலைத் தலைப்புச் செய்தியாகப் போடும். அது யாருக்காகச் செய்யப்பட்ட கணக்கு என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிக்கு எவ்வளவு கூடுதல் படி கொடுக்கலாம் என்று கம்பனிகள் தீர்மானிப்பதற்கான கணக்கு அது. அவருக்கு வாகனமும் சாரதியும் நல்ல வீடும் கம்பனியே கொடுத்துவிடும். 177 ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவளின் கொழும்பை அந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அவளுடைய கொழும்பை நாம்தான் அளக்க வேண்டும்.

மழையிலிருந்து தொடங்கலாம். தம்புள்ளை உலர் வலயம். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்கும் குறைவான மழைதான். ஐப்பசிக்குப் பிறகு வரும் வடகீழ்ப் பருவக்காற்றை நம்பித்தான் எங்கள் குளங்களும் பெரும்போகமும். வைகாசி பிறந்தால் காய்ச்சல் தொடங்கிவிடும். கந்தளம குளத்தின் ஓரம் வெடித்துப் பாளமாகும். கொழும்பு அப்படியல்ல. மே மாதத்தில் ஒரு கொட்டு, ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு கொட்டு, இடையிலும் அடிக்கடி மழை. ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மழை நகரம் என்று உலகமே பேசும் அமெரிக்காவின் சியாட்டலில், மைக்ரோசொஃப்ட்டும் அமேசனும் குடியிருக்கும் அந்தப் பகுதியில், ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர்தான். பெங்களூரும் அதே அளவுதான். அவை இரண்டிலும் பெய்வதைக் கூட்டினாலும் கொழும்பின் மழைக்கு ஈடாகாது.

ஆகவே மழையைப் பழி சொல்வதில் அர்த்தமில்லை. பெய்த தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் நகரத்தின் யோக்கியதை தெரியும். பெங்களூரில் 2022 செப்டெம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கி, மென்பொருள் ஊழியர்கள் உழவு இயந்திரத்தில் ஏறி அலுவலகம் போன படங்களை எல்லோரும் பார்த்தோம். அங்கே ஏரிகளைத் தூர்த்துக் கட்டினார்கள். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்றுதான் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினிக் கட்டடங்கள் எழுந்தன. 2015 டிசெம்பரில் அதற்கு விலை கொடுத்தார்கள். கொழும்பும் சதுப்பு நிலத்தின் மேல் வளர்ந்த நகரம்தான். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் தியவன்னா ஓயா பெருகிப் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் நுழைந்தது. அந்தப் பாராளுமன்றத்தைக் கட்டிய ஜெஃப்ரி பாவாதான் எங்கள் கந்தளமக் குன்றோடு ஒட்டிய ஹோட்டலையும் கட்டியவர். தண்ணீரையும் நிலத்தையும் மதித்துக் கட்டத் தெரிந்த ஒருவரின் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது என்றால், சுற்றியுள்ள நிலத்தை மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு கொழும்பு கொஞ்சம் விழித்துக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012 இல் உலக வங்கிக் கடனோடு பெருநகரத் திட்டம் ஒன்று தொடங்கி, வாய்க்கால்களை அகலப்படுத்தினார்கள். பெத்தகானையில் சதுப்பு நிலப் பூங்கா வந்தது. நகருக்குள்ளும் சுற்றிலும் மிஞ்சியிருக்கும் சுமார் 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலத்துக்காக 2018 இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலகின் முதல் சதுப்பு நில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அறிவிக்கப்பட்டது. எந்தத் தலைநகரத்துக்கும் பெருமை தரக்கூடிய விஷயம். ஆனால் களனி கங்கை பெருகும்போது கொலன்னாவையிலும் கடுவலையிலும் தாழ்நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பெருமை கைகொடுப்பதில்லை. 2016 மே மாதம் அவர்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மறுபடியும் வெளியேறினார்கள். அந்தப் புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாத்தளை, கண்டி, பதுளை மலைகளில் மண் சரிந்தது. கொழும்பிலிருந்த பிள்ளை ஊரிலுள்ள அம்மாவை நினைத்துப் பதறியது. அம்மா களனி ஆற்றின் செய்தியைக் கேட்டுப் பதறினாள். இரண்டு பக்கமும் தொலைபேசி எடுக்காத மணித்தியாலங்களை அந்தக் குடும்பங்கள் மறக்கப்போவதில்லை.

மழை நகரத்தில் வெள்ளம் ஆண்டுக்கொரு முறைதான். புழுக்கமும் ஈரமும் தினமும் உண்டு. எங்கள் ஊரில் கொடியில் போட்ட துணி உச்சி வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். கொழும்பு போர்டிங் அறையில், மூன்று பேர் தங்கும் இடத்தில், ஜன்னல் கம்பியிலும் கட்டில் காலிலும் காற்றாடிக்குக் கீழே கட்டிய நைலோன் கயிற்றிலும் துணி தொங்கும். இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் இடுப்புப் பட்டியில் ஈரம் இருக்கும். அணிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினால் அந்த மக்கிய வாடை நம்மோடு வரும். அலுவலகத்தில் குளிரூட்டியின் கீழ் உட்கார்ந்து அந்த ஈரம் உடம்பிலேயே காயும். மழைக்காலச் சப்பாத்தில் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். இவை சின்ன விஷயங்கள் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பெண்பிள்ளை தினமும் காலையில் தன் உடையைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டு வேலைக்குப் போவது வாழ்க்கைத் தரத்தின் கணக்கில் சேராமல் எதில் சேரும்?

பிறகு நுளம்பு. 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. ஆகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது மேல் மாகாணம். அதே ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து 32 பேராவது இறந்தார்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் தெமட்டகொடைக் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். ஒரே மழைதான் இரண்டின் மேலும் பெய்கிறது.

இனி நேரம். என் மனதில் மிகப் பாரமாக இருப்பது இதுதான்.

மாத்தளைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை கொழும்பில் எங்கே தங்கும்? பெரும்பாலும் வெள்ளவத்தை, இல்லாவிட்டால் பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை. கோவில் பக்கத்தில், தோசையும் இடியப்பமும் கிடைக்கும், வீட்டுக்காரம்மாவோடு தமிழில் பேசலாம், இரவு எட்டு மணிக்குத் தெருவில் நடந்தாலும் தெரிந்த முகம் எதிர்ப்படும். அம்மாவுக்கும் நிம்மதி. ஆனால் வேலை மாலபேயில் என்றால்? லண்டன் பங்குச் சந்தை 2009 இல் விலைக்கு வாங்கிய மிலேனியம் ஐ.டி. இயங்கியது அங்கேதான், 1999 இல் தொடங்கிய ஸ்லிட் கல்வி நிறுவனமும் அங்கேதான். லண்டனில் பங்கு வாங்கி விற்பதற்கான மென்பொருளை எழுதிய ஊர் அது. நம் பிள்ளைகளும் பெருமைப்படலாம். அந்த மாலபேக்கு வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வரை வந்து, அங்கிருந்து 177 பிடிக்க வேண்டும். தூரம் பெரிதல்ல. நேரம்தான் பெரிது. பொரளை, இராஜகிரிய, பத்தரமுல்லை என்று பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகும். 2018 இல் இராஜகிரியவில் மேம்பாலம் கட்டினார்கள். நெரிசல் அந்தச் சந்தியைத் தாண்டி அடுத்ததில் போய் நின்றது. மழை பெய்தால் எல்லாக் கணக்கும் தவிடுபொடி. தமிழோடு இருக்க விரும்பிய பிள்ளை, அதற்குத் தன் மாலை நேரத்தைக் கொடுத்துவிடுகிறது. இந்தச் செலவைச் சம்பளச் சீட்டு காட்டாது.

மாலபேக்கு ரயில் பாதையே இல்லை. கரையோரப் பாதை தெற்கே போகிறது, களனிவெளிப் பாதை நுகேகொடை, மஹரகம வழியே அவிசாவளைக்குப் போகிறது. நடுவில் இருக்கும் மாலபே வீதிதான் பஸ்ஸையும் காரையும் மட்டும் நம்பிக் கிடக்கிறது. ஜப்பானிய உதவியோடு மாலபேயிலிருந்து கோட்டைக்கு 16 நிலையங்களோடு இலகு ரயில் போட 2019 இல் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று சொல்லி அரசாங்கம் ரத்து செய்தது. அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். அந்த ரயில் ஓடியிருந்தால், தினமும் பல்லாயிரம் பேருக்கு ஒரு மணித்தியாலமாவது திரும்பக் கிடைத்திருக்கும். சியாட்டலில் 2009 இல் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. இன்னும் நீட்டிக்கொண்டே போகிறார்கள். ஆனால் அங்கே வீட்டு வாடகை ஏறி, 2015 நவம்பரில் வீடற்றோர் பிரச்சினைக்காக அவசரநிலையே அறிவித்தார்கள். பணக்கார மழை நகரத்திலும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கிறது.

சாப்பாட்டுச் செலவுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. மத்திய வங்கி நாளாந்தம் வெளியிடும் விலைப் பட்டியலில் புறக்கோட்டை விலையும் தம்புள்ளை விலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நாரஹேன்பிட்டி விலையும் இருக்கும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதோடு வாடகை, முற்பணம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தனி, மதியச் சோத்துப் பார்சல், மழை நாளில் வேறு வழியில்லாமல் பிடிக்கும் ஆட்டோ. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரை வருமான வரி இல்லை; புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைக்கு அது ஒரு மூச்சு. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 12 வீதம் போடும். அது பிள்ளைக்கே திரும்பி வரும் பணம். மிச்சத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தால், சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளப் பல மாதங்களில் ஒன்றும் இருக்காது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. கொழும்பு கொடுக்கும் ஒன்றை எங்கள் ஊர் இன்னும் கொடுக்கவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையை மாத்தளை டவுனில் எந்தத் தோட்டம், யார் மகள் என்று கேட்டுத்தான் எடைபோடுவார்கள். கொழும்பு அலுவலகத்தில் அவள் எழுதிய மென்பொருள் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். அவள் பெயரை வைத்து அழைப்பார்கள். சிங்களம் தெரிந்த தமிழ்ப் பிள்ளை, தமிழ் தெரியாத சிங்களப் பிள்ளை, இரண்டும் பேசும் முஸ்லிம் பிள்ளை ஒரே மேசையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பகிர்ந்து சாப்பிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கொழும்பு மாநகர எல்லைக்குள் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் பாதிக்கு மேல். மாத்தளை மாவட்டத்தில் தமிழர் பத்து வீதமளவில்தான். தம்புள்ளையில் அதைவிடக் குறைவு.

ஆனால் அந்தக் கொழும்புக்கு வேறொரு முகமும் இருந்தது, மூத்தவர்களுக்கு அது மறக்காது. 1983 ஜூலைக் கலவரத்தைச் சொல்லத் தேவையில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. இன்று மகளை வெள்ளவத்தை போர்டிங்கில் விடும் அப்பா வாசலில் நின்று தெருவை மேலும் கீழும் பார்ப்பது அந்த நினைப்பில்தான். எங்கள் ஊர் மட்டும் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசலுக்கு எதிராகக் கூட்டம் திரண்டது. 2013 இல் அந்தப் பகுதியில் இருந்த காளி கோவில் இடிக்கப்பட்டது. நிம்மதியாகச் சாமி கும்பிட ஓர் இடம் என்பதும் வாழ்க்கைத் தரம்தான். அதில் வெள்ளவத்தை இன்று தம்புள்ளையைவிட மேல் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு, தயக்கம் இல்லை.

வேலைக்காக இடம்பெயர்வது இந்தப் பகுதிக்குப் புதிதுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களுக்குப் போகிற இடத்தின் வாழ்க்கையைப் பற்றிக் கங்காணி சொன்ன வார்த்தையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர்களுடைய கொள்ளுப்பேத்திக்கு அந்த நிலை வரக்கூடாது. அவள் தெரிந்துகொண்டு போக வேண்டும், பிடிக்காவிட்டால் திரும்பி வர ஓர் இடமும் இருக்க வேண்டும்.

திரும்பி வர முடியும் என்பதை 2020 காட்டியது. கொரோனா ஊரடங்கில் கணினி வேலைக்காரர் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகள் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மூலையில் மேசை போட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை முடித்துக் கொடுத்தார்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது அந்த வசதியும் போயிற்று. எரிபொருளுக்கு வரிசை, இருட்டில் மடிக்கணினி. அந்த ஆண்டில் திறமையான பலர் கொழும்பையும் தாண்டி அவுஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள். பிறகு நிலைமை சீரானதும் பல நிறுவனங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டன.

என் தீர்ப்பு இதுதான். படிப்பை முடித்து முதல் ஆறேழு வருடங்களுக்குக் கொழும்பு நல்லது. தொழில் கற்கவும், தன் காலில் நிற்கவும், யார் மகள் என்ற கேள்வி இல்லாமல் வாழ்ந்து பார்க்கவும் இளம் வயதுக்கு அது தேவை. ஆனால் கல்யாணம் முடித்து, குழந்தை பெற்று, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வாழ்வதற்குக் கொழும்பு இன்னும் தயாராகவில்லை. சாதாரணச் சம்பளக்காரருக்கு நிச்சயமாக இல்லை. அந்த வயதில் அவர்கள் திரும்பி வர விரும்புவார்கள். வர முடியாமல் தடுப்பது எங்கள் ஊரின் குறை.

அந்தக் குறைகள் தீர்க்கக்கூடியவை. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம முதல் குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்தது. குருநாகலிலிருந்து தம்புள்ளை வரையான பகுதி இன்னும் கட்டப்படவில்லை. குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணைக்கு ரயில் போடும் திட்டம் பல ஆண்டுகளாகக் காகிதத்தில் கிடக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால் நான் ரயிலைத்தான் கேட்பேன். மரக்கறியும் அதில் போகும், பிள்ளைகளும் வாரக் கடைசியில் அதில் வருவார்கள். வெளிநாட்டுக்குச் சேவை விற்று உழைக்கும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீத வரி விதிக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளையும் அதைக் கட்டும். அப்படியானால் அந்தப் பிள்ளையின் ஊருக்கு அறுந்துபோகாத ஃபைபர் இணைப்பும் நிற்காத மின்சாரமும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பிரதேச சபைக் கூட்டங்களில் வடிகானும் தெருவிளக்கும் பேசப்படுவது போல இதுவும் பேசப்பட வேண்டும்.

அதுவரை, பிள்ளையை அனுப்பும் வீட்டார் சம்பளத்தோடு இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். அலுவலகம் எந்த வீதியில், அங்கே ரயில் போகிறதா? வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும், இரண்டு நாளாவது வீட்டிலிருந்து செய்யலாமா? போர்டிங் நிலம் தாழ்வா, 2016 இலும் 2025 இலும் அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதா? துணி காயப்போட மொட்டைமாடி உண்டா? வீட்டுக்காரம்மாவிடம் நேரில் போய்க் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.